பெர்பெத்தா வாங்கிய நாலு பேட்டரி

...நர்சிங் முடிச்சு நாளைக்கு வார்டுக்குள்ள போகப்போற பிள்ளைங்களே, நான் பேச ஆரம்பிச்சு அரை மணி ஆகப்போகுது. பின் வரிசையில ரெண்டு கொட்டாவி பாத்துட்டேன். அதனால புத்திமதிய நிறுத்திட்டு, ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? ஆ... கதைன்னதும் நிமிர்றீங்க பாருங்க!

தூத்துக்குடியில பெர்பெத்தான்னு ஒரு பொண்ணு. கல்யாண போட்டோ எடுக்கறவ. புதுசா மிரர்லெஸ் கேமரா வாங்குனா. சின்னது, லேசானது, படம் பளிச்சுனு இருக்கும். ஆனா ஒரு குறை. பேட்டரியக் குடிச்சிரும்! காலையில முழுசா சார்ஜ் போட்டா மத்தியானம் தாங்காது.

கடைக்குப் போனா. கடைக்காரர் என்ன சொல்றாரு? "கம்பெனி பேட்டரி ஒண்ணு வாங்குற காசுக்கு இது மூணு வாங்கலாம்மா. பாக்க ரெண்டும் ஒண்ணுதான்."

இவ கேட்டா... "பாக்க ஒண்ணுதான் அண்ணாச்சி. சார்ஜ் நிக்கறதுல?"

அவரு சிரிச்சாரு.

கம்பெனி பேட்டரியே நாலு எடுத்தா. கூட ஒரு கிரிப். கேமராவுக்கு அடியில மாட்டுற பிடி அது. உள்ள ரெண்டு பேட்டரி போகும். ஒண்ணு தீர்ந்தா அடுத்தது தானா வேலை செய்யும். கேமராவ நெட்டுக்கு, அதாவது செங்குத்தாப் பிடிச்சா விரல் வைக்க அங்கயும் ஒரு பட்டன் இருக்கும். கடையிலயே மாட்டி, நெட்டுக்குப் பிடிச்சு, பத்து நிமிஷம் கையத் தூக்கிட்டே நின்னிருக்கா. கடைக்காரர் மிரண்டுட்டாரு! "மணிக்கட்டு தாங்குதான்னு பாக்கேன் அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து சும்மா இருந்தாளா? நாலு பேட்டரியிலயும் நம்பர் எழுதி ஒட்டுனா. ஒவ்வொண்ணையும் தீர்ற வரைக்கும் சுவத்தப் படம் எடுத்தா. மூணாம் நம்பர் சீக்கிரம் படுத்துருச்சு. மறுநாளே திருப்பிக் குடுத்து வேற வாங்குனா. எத்தனை பேரு இப்படிப் பாப்போம்... சொல்லுங்க?

ஒரு கடற்கரை ஊரு. மாதா கோயில்ல கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் எடுக்க பெர்பெத்தா. பொண்ணு வீட்டுக்கு வியாகுலம்னு ஒருத்தர், இருபது வருஷ அனுபவம். ரெண்டு பேரு கைலயும் ஒரே கம்பெனி, ஒரே மாடல் கேமரா. இவ கிரிப்பப் பாத்து அவரு கேலி பண்ணுனாரு. "என்னம்மா... கேமராவா, செங்கல்லா?"

பொண்ணோட அப்பா கப்பல்ல வேலை. லீவு கிடைக்கல. முந்துன நாள் வியாகுலத்துக்குப் போன் பண்ணியிருக்காரு. "தம்பி, எம்மவ கோயிலுக்குள்ள நடந்து வாரத நான் உங்க படத்துலதான் பாக்கணும்."

மணி பத்து. பொண்ணு கார் வாசலுக்கு வந்துருச்சு. அப்பப் பாத்து... வியாகுலம் கேமரா அணைஞ்சு போச்சு! முழுசா இருக்குன்னு காட்டுன மலிவு பேட்டரி. மாத்துப் பேட்டரியப் போட்டாரு. அது உப்பிப்போயி உள்ளயே இறங்கல. முதல் பேட்டரியையே எடுத்து, பேண்ட்டுல தேச்சு தேச்சுப் போடுறாரு. தேச்சா சார்ஜ் ஏறுமா? பதட்டம், பாவம்.

பெர்பெத்தா பாத்துட்டா. அவ பையில ரெண்டு, கிரிப்புக்குள்ள ரெண்டு. அன்னைக்கு மூணு சாமியாரு, அதான் பாதருங்க, சேர்ந்து வைக்கிற பூசை. எவ்வளவு நேரம் ஓடும்னு யாருக்குத் தெரியும்? அவளுக்கும் பயந்தான். இருந்தும் விறுவிறுன்னு போனா.

"அண்ணாச்சி, இந்தாங்க. ரெண்டும் ஃபுல்லு."

"ஒனக்கு?"

"எனக்கு இருக்கு. கார் கதவத் தெறக்காங்க... ஓடுங்க!"

ஓடுனாரு. பொண்ணு தாய்மாமன் கையப் பிடிச்சுட்டு நடந்து வந்தா. ஒவ்வொரு அடியும் படமாச்சு.

பெர்பெத்தா? சார்ஜ் மிச்சமாகட்டும்னு கேமராவோட பின்பக்கத் திரைய ஆஃப் பண்ணுனா. சடசடன்னு எடுக்கற பழக்கத்த அன்னைக்கு விட்டா. கண்ண வச்சுக் காத்துக் கிடந்து, ஒண்ணு ஒண்ணா எடுத்தா. பிரசங்கம் வேற நம்ம பேச்சு மாதிரி நீளம்! கடைசி ஆசீர்வாதத்துல பேட்டரி குறி சிவப்பா மினுக்குது. மினுக்க மினுக்க எடுத்து முடிச்சா. ஒரு படம் தவறல.

பத்து நாள் கழிச்சு, கப்பல்ல இருந்து வியாகுலத்துக்குப் போன். "தம்பி, பாத்தேன்... பாத்துக்கிட்டே இருக்கேன். ரொம்ப நன்றி தம்பி." ஒரு பெரிய மனுசன் அழுதுக்கிட்டே பேசுறாரு.

வியாகுலம் என்ன செஞ்சிருக்கலாம்? நன்றிய வாங்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல? இருக்கல. "அண்ணாச்சி, படம்தான் என்னது. பேட்டரி ஒரு தங்கச்சியோடது. இந்தா நம்பர் தாறேன், அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" அப்படின்னாரு. எனக்கு அந்த மனுசனையும் பிடிச்சிருக்கு.

இப்ப நீங்க சொல்லுங்க. பெர்பெத்தா நல்ல மனசுக்காரி, அதனால குடுத்தா... அவ்வளவுதானா? இல்லம்மா! நல்ல மனசு வியாகுலத்துக்கும் இருந்துச்சு. அன்னைக்குக் குடுக்க அவருகிட்ட என்ன இருந்துச்சு? அவகிட்ட இருந்துச்சு. ஏன் இருந்துச்சு? தனக்கு அளவாப் போதும்னு அவ நிறுத்தல.

உங்ககிட்ட எல்லாரும் 'தியாகம் பண்ணு, உருகு, கரைஞ்சு போ'ன்னு சொல்லுவாங்க. நான் சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க. லீவு எடுங்க. சிரிக்க ரெண்டு சிநேகிதிங்கள வச்சுக்கங்க. இது சுயநலம் இல்ல... இருப்பு! டியூட்டி முடியற நேரத்துல, கால் வலிக்கிற நேரத்துல, பன்னெண்டாம் பெட்டுல ஒருத்தர் "சிஸ்டர்... ஒரு நிமிஷம்"னு கூப்பிடுவாரு.

அந்த ஒரு நிமிஷம் உங்ககிட்ட மிச்சம் இருக்கணும்.