இருபத்தெட்டு அங்குல மேடை

பெயர் மனுவில் கண்டபடி. வயது நாற்பத்தாறு. தொழில் குடும்பப் பராமரிப்பு. மனுவில் கண்ட வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு, எட்டு மாதமாக அண்ணன் வீட்டில் இருக்கிறேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. மீதி எழுத்து நானாகக் கற்றது. கடவுளுக்குப் பயந்து சொல்வதாவது:

வீட்டின் முன்பகுதி கல்யாணத்துக்கு முன்பே இருந்தது. சமையலறையும் அதை ஒட்டிய அறையும் கல்யாணமான மூன்றாம் வருடம் கட்டியவை. அவற்றையும் காலமான தன் தாயார் கல்யாணத்துக்கு முன்பே கட்டிவிட்டார் என்று என் கணவர் சொல்கிறார். விவாகரத்து வழக்கில் இருவரும் ஒப்புக்கொண்டபடி கல்யாணத்துக்குப் பின் கட்டியதில் மட்டுமே எனக்குப் பாதி என்பதால், கட்டடத்தின் வயதையும் மதிப்பீட்டாளர் எழுதித் தரவேண்டும் என்பது கோர்ட் உத்தரவு.

சென்ற செவ்வாய் காலை பத்து மணிக்கு நான் போய் மணி அடித்தேன். அந்த மணியை வெளியிலிருந்து நான் அடித்தது அதுவே முதல் தடவை. அதன்பிறகு மதிப்பீட்டாளர் வந்து, சிவப்புப் புள்ளி விழும் கருவியால் கூடத்தை அளந்தார். புள்ளி சுவரில் கறை வைக்குமா என்று கேட்டேன். "வெறும் வெளிச்சம்மா, நீங்களே அளந்து பாருங்க" என்று கையில் கொடுத்தார். இருபதடி இருக்கும் என்று நினைத்துப் பெருக்கி வந்த கூடம் பதினைந்தடி எட்டங்குலம்தான்.

அதன்பிறகு கொத்தனார் வந்த நாட்களைக் குறித்த என் நோட்டைக் காட்டினேன். "நோட்டுல என்ன வேணா எழுதலாம் சார். இவ பூனை குட்டி போட்டதைக்கூடத் தேதியோட எழுதுவா" என்றார் கணவர். நோட்டைக் கோர்ட்டில் காட்டும்படியும், தான் கண்ணால் பார்ப்பதை மட்டுமே எழுதுவதாகவும் மதிப்பீட்டாளர் சொல்லிவிட்டார்.

அதன்பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையின் உயரத்தை இரண்டு தடவை அளந்தார்.

"என்னங்க இது, இருபத்தெட்டு அங்குலம்தான் இருக்கு? எங்கயும் முப்பத்திரண்டுக்குக் குறையாதே."

நான் வாய் திறப்பதற்குள், எட்டு மாதமாகத் தானே சமைத்துச் சாப்பிடும் என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முந்திக்கொண்டார்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க, குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பே போச்சு. இந்தக் குள்ளச்சி முழங்கைக்கு அளவெடுத்துக் கட்டின மேடை."

மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்தினார். "கல்யாணத்துக்கு முன்னாடி இவங்க முழங்கை உங்கம்மாவுக்கு எப்படி சார் கிடைச்சுது?"

கணவர் குழாயை இறுக்கி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

நடந்ததை நான் சொன்னேன். கொத்தனார் என்னைச் சுவரோரம் நிற்கவைத்துக் கையை மடக்கச் சொன்னார். பென்சிலால் கோடு போட்டவர் என் கணவர். என் மாமியார் மகனைவிட இரண்டு விரல் உயரம்.

அதன்பிறகு இரண்டு அறைகளையும் புதியவை என்று மதிப்பீட்டாளர் எழுதப் போனார். ஒட்டிய அறையின் ஜன்னல் சுவர் மட்டும் பழசு, மாமியார் எழுப்பியது, அதைச் சேர்க்க வேண்டாம் என்று நான் தடுத்தேன். என் கணவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

புறப்படும்போது அவரிடம், "அடுப்புக்கு அடியில நாலு மூலைக்கும் செங்கல் வைங்க, இடுப்பு தாங்கும்" என்றேன். இது வழக்குக்குத் தேவையா என்று இதை எழுதும் குமாஸ்தா கேட்டார். நடந்தது என்பதால் எழுதச் சொன்னேன்.

வாசிக்கக் கேட்டேன், நானும் ஒருமுறை வாசித்தேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

(ஒப்பம்)