குளக்கரைச் சரிவில் நின்றுபோன வண்டி

புல்வெட்டும் வண்டி ஒரே ஓர் இடத்தில் மட்டும் நின்றுபோகிறது என்றால் காரணம் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைப்பீர்கள். எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. என் தம்பி டெல்மரின் வண்டி அது. ஆப்பிள் மரங்களைச் சுற்றி ஓடும், தபால்பெட்டி வரை போய்த் திரும்பும், ஒரு குறையும் இராது. வீட்டுக்குப் பின்னால் குளக்கரைச் சரிவில் போகும்போது மட்டும் சட்டென்று அணைந்துவிடும். அதே வண்டியை அதே சரிவில் நான் ஓட்டினால் அணையாது.

நீங்கள் கேட்க நினைப்பது டெல்மரின் சாவைப் பற்றி என்று தெரியும். ஆனால் இந்தக் கோளாறு புரியாமல் அது புரியாது. ஷெரீப், நான் இன்று உங்கள் அலுவலகத்துக்கு வந்தது அவன் மனைவி ஜோயனுக்காக. அவள் மேல் தப்பே இல்லை. அதை அந்த எஞ்சினை வைத்தே என்னால் விளக்க முடியும்.

முப்பத்தொரு வருஷமாக டெல்மரின் கொட்டகையில் இருக்கிறேன். கீழே வேலை, மேலே படுக்கை. ஊரார் தூக்கிப்போடும் புல்வெட்டி வண்டிகளையும் சின்ன எஞ்சின்களையும் பிரித்து வேறொன்றாக ஆக்குவேன். லூத்தரன் தேவாலயத்தில் ஜூலை மாதம் ஐஸ்கிரீம் விருந்து நடக்குமே, அங்கே ஐஸ்கிரீம் கடையும் நான்கு வாளிகளையும் சுற்றுவது 1971ஆம் வருஷத்துப் புல்வெட்டியின் எஞ்சின். உங்கள் டெபுடி ராண்டியின் வீட்டில் விறகு பிளக்கிற இயந்திரமும் அப்படிப் பிறந்ததுதான்.

வண்டிக்கு வருகிறேன். முதலில் பெட்ரோல் டாங்கின் மூடியைப் பார்த்தேன். மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைத்திருந்தால் பெட்ரோல் கீழே இறங்காது. துளை சுத்தமாக இருந்தது. அடுத்து, பொறி தரும் கம்பிச்சுருள் சூடேறிச் சோர்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சரிவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்குகிறதா என்றும் பார்த்தேன். அதுவும் இல்லை.

இதற்குள் ஜோயன் நாலு தடவை ஈரக்கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். அதற்கும் நான்தான் காரணம். ஜனவரியில் டெல்மருக்கு நோய் என்று தெரிந்த பிறகும் புல்லை நானே வெட்டுவேன் என்று அவன் அடம்பிடித்தான். எங்காவது மயங்கி விழுவானோ என்று அவள் பயந்தாள். நான் அவளைக் கூப்பிட்டு விளக்கினேன்.

"இருக்கைக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு, ஜோயன். ஆள் எழுந்தாலோ விழுந்தாலோ எஞ்சின் தானா நின்னுடும். அதனால சத்தம் கேட்டுட்டே இருந்தா அவன் உக்காந்திருக்கான்னு அர்த்தம். சத்தம் நின்னா மட்டும் ஓடி வந்து பாரு."

"அப்போ ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டா போதுமா?"

"போதும்."

அன்றிலிருந்து அவள் மழையிலும் சமையலறை ஜன்னலைச் சாத்தியதில்லை.

ஒன்பதாவது நாள் டெல்மரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தேன். சரிவில் வண்டி சாய்ந்ததும் அவன் மேட்டுப் பக்கம் உடம்பைச் சாய்த்தான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த நொடியில் இருக்கை விரலளவு எழும்பியது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. எஞ்சின் அணைந்தது.

"உன் பின்பக்கம் தூக்குது," என்றேன்.

"அறுபத்துநாலு வயசுல என் பின்பக்கத்தைப் பாக்கறதுக்குன்னே குனிஞ்சு நடந்து வர்ற ஒரே ஆள் நீதான்."

காரணம் இதுதான். இருக்கைக்கு அடியில் ஒரு ஸ்ப்ரிங். உட்காருபவரின் எடை ஸ்ப்ரிங்கை அமுக்கும், இருக்கை இறங்கி சுவிட்சைத் தொடும். அந்த ஸ்ப்ரிங் இருநூறு பவுண்டு ஆளுக்கு வைத்தது. போன வருஷம் வரை டெல்மர் இருநூற்றுப் பத்து. அந்த மே மாதம் நூற்று முப்பத்திரண்டு. ஒருபக்கம் சாய்ந்தால் அந்த எடை போதவில்லை.

"அப்போ நான் உக்காந்திருக்கறதே இதுக்குத் தெரியலையா?"

"தெரியல."

"போன வாரம் பேங்க்லயும் அப்படித்தான். அந்தப் பொண்ணு எனக்குப் பின்னால நின்னவனைக் கூப்பிட்டுச்சு." அவன் சிரித்தான். பிறகு சொன்னான்: "சரி பண்ணிக் குடு, ஆர்லின். இது நிக்கறப்பல்லாம் நான் செத்துட்டேன்னு அவ ஓடி வர்றா. எனக்கு ஒண்ணும் ஆகல, அவளுக்குத்தான் மூச்சு வாங்குது."

செய்து தருகிறேன் என்றேன்.

நம் பக்கத்தில் இந்தச் சுவிட்சுக்கு எல்லாரும் ஒரே வைத்தியம்தான் செய்வார்கள். கம்பிகளை ஒன்றாக முறுக்கிவிடுவது. பிறகு சுவிட்ச் இருந்தும் இல்லாதது போல. மேடுபள்ளத்தில் குதித்தாலும் எஞ்சின் அணையாது. இந்த மாவட்டத்தில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுகிறது. நான் மட்டும் செய்வதில்லை. சுவிட்சைத் தொடமாட்டேன் என்று கொட்டகைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறேன். அதற்காக என்னைக் கிழவி என்று கேலி செய்வார்கள்.

அந்த வாரம்தான் அவர்கள் இடத்தை விற்கப்போவதாகச் சொன்னார்கள். காலைச் சாப்பாட்டின்போது. மினியாபொலிஸில் புது மருந்து வந்திருக்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், மகள் வீடு அங்கேதான் இருக்கிறது. டாக்டர் நம்பிக்கையோடு பேசினாராம். அக்டோபரில் கைமாற்றம். வாங்குபவர் கொட்டகையை இடித்துவிட்டுப் பன்றிப் பண்ணை கட்டப்போகிறார்.

"உனக்கும் பக்கத்துலயே ஒரு அறை பாத்திருக்கோம்," என்றான் டெல்மர். "கராஜ் இல்ல. ஆனா பால்கனி இருக்கு. ஒரு எஞ்சின் வெச்சுக்கலாம், சின்னதா."

"கீழ் வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிடற வரைக்கும்," என்றாள் ஜோயன். மூவரும் சிரித்தோம்.

அது காரணம் இல்லை. தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் சிலிண்டரின் உட்சுவர் கீறிவிட்டால் அதற்கப்புறம் எந்த எண்ணெய் ஊற்றினாலும் கொஞ்ச நாள் ஓடும், புகை கக்கும், மறுபடி நிற்கும். நல்ல எஞ்சினை அப்படி இழுத்து இழுத்து ஓட்டுவது அதற்குச் செய்யும் மரியாதை இல்லை. டெல்மர் மருந்தை நம்பினான். அவனுக்கு எஞ்சின் தெரியாது.

ஜூனிலிருந்து வியாழன்தோறும் அவன் புல் வெட்டினான். சரிவில் மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் கவிழும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் கீழே கரையோரம் ஈரம், திருப்புவது கஷ்டம், குறுக்கே போ என்று நான் சொன்னேன். நான் சொன்னால் அவன் கேட்பான். வாரா வாரம் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாரங்கள் போயின. ஒன்றும் ஆகவில்லை.

செப்டம்பர் இரண்டாம் வியாழன், காலை பத்தேகால். நான் ஒரு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். புல்லை வெட்டும்போது எஞ்சினின் குரல் கனத்து இறங்கும். சுமை போனால் குரல் மெலிந்து ஏறும். அன்று அது ஏறியது, ஏறினபடியே ஒரே சீராக நின்றது. சக்கரம் காற்றில் சுற்றினால்தான் அப்படிக் கேட்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கார்புரேட்டரில் சின்ன துளைகள் நிறைய. ஒவ்வொன்றாக ஊதிச் சுத்தம் செய்தேன்.

சிறிது நேரத்தில் ஜோயன் காப்பியும் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் கொண்டுவந்தாள். தக்காளி வேகவைத்துக்கொண்டிருந்தவள், முகமெல்லாம் வேர்வை.

"இன்னும் ஓட்டிட்டே இருக்கார். இன்னிக்கு உடம்புக்குத் தெம்பு வந்துடுச்சு போல," என்றாள்.

"ஆமா. நல்லா ஓடுது," என்றேன்.

அவள் சந்தோஷமாகத் திரும்பிப் போனாள். எஞ்சின் மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம் ஓடியது. சத்தம் நின்றதும் அவள் ஓடினாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. வண்டி கரையோரத்து அடிமரத்தில் பாதி சாய்ந்து கிடந்தது. டெல்மர் அதன் கீழே. முகம் இருந்த இடத்தில் தண்ணீர் முழங்கை ஆழம்கூட இல்லை. உடனே யாராவது போயிருந்தால் தூக்கியிருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

ராண்டி வந்து இருக்கையைத் தூக்கிப் பார்த்தான்.

"இது உங்க கை வேலை இல்ல, ஆர்லின். பாத்தாலே தெரியுது. நீங்கன்னா ஈயம் வெச்சுப் பத்தவெச்சிருப்பீங்க. பாவம், அவரே முறுக்கிக்கிட்டார் போல. என் வீட்டு வண்டியும் இப்படித்தான் இருக்கு, இன்னிக்கே போய்ப் பிரிக்கறேன்."

 அவன் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் ஹாம் சாண்ட்விச்சும் காப்பியும் கொடுத்தார்கள். ஜோயன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இப்போது இடத்தை விற்கவில்லை. தனியாக எங்கே போவது என்கிறாள். பனி தள்ள, அடுப்புக்கு விறகு வைக்க அவளுக்கு ஓர் ஆள் வேண்டும். நான் இருக்கிறேன். ஆனால் அவள் சாப்பிடுவதில்லை. அந்த ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொன்னாள், அடித்துக் கொடுத்தேன். நேற்று அவள் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கம்பியை முறுக்கிட்டாரே. நான் அந்தச் சத்தத்தை நம்பிக்கிட்டு தக்காளித் தோல் உரிச்சுட்டிருந்தேன், ஆர்லின்."

டெல்மர் அவளிடம் எதையும் மறைக்கிறவன் இல்லை. அவன் மேல் அவள் கோபப்படுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காகத்தான் வந்தேன். இதை அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிட்டால் நல்லது. சனிக்கிழமைக்குள் மூன்று வண்டி முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

சரியான வைத்தியம் தளர்வான ஸ்ப்ரிங் ஒன்றை மாற்றுவது. நூற்றிருபது பவுண்டுக்கு ஏற்றது. என் மேஜை இழுப்பறையில் அப்படிப்பட்டவை பதினொன்று இருந்தன. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சரியாக இருந்திருக்கும். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

பிறகு இருக்கையைத் தூக்கினேன். சுவிட்சுக்குப் போகிற இரண்டு கம்பிகளையும் வெட்டினேன். ஈயம் வைக்கவில்லை. டெல்மர் இடக்கைக்காரன், அவன் முறுக்குவது போலவே இடப்பக்கமாக முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினேன். பத்து நிமிஷ வேலை. அதன் பிறகு அந்த வண்டி அவன் ஓட்டும்போது சரிவில் ஒருமுறைகூட நிற்கவில்லை.