உயிரோட இருக்கிற ஆளுக்கு ஒரு நிமிஷம் மௌனம்

...இந்தப் புற்றுநோய் முகாம்ல இவ்வளவு நேரம் டாக்டர்மாரு பேசினாங்க. ஸ்கேன், மருந்து, ஆபரேஷன் எல்லாம் சொன்னாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது கதைதான். சின்னதா ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் சாப்பிடப் போங்க...

எங்க பக்கம் ஒரு ஊரு. அந்த ஊருக்கு வாலிபால்னா உசுரு. டீமுக்குக் கோச்சர் பால்துரை. மேட்ச் நடக்கும்போது ஒரு நிமிஷம் உக்கார மாட்டாரு. கோட்டோரமா நடந்துக்கிட்டே இருப்பாரு.

கேலரியில மேல்படியில ஒரு ஆளு. பேரு உச்சிமாகாளி. கரண்டு ஆபீஸ்ல லைன்மேன். கம்பத்து மேல நின்னு கீழ இருக்கிறவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகின தொண்டை... எப்படி இருக்கும்? பதினெட்டு வருஷமா அந்தத் தொண்டைக்கு ஒரே வேலை. கோச்சரை ஏசுறது!

"ஏ கோச்சரே! கண்ணு அவிஞ்சு போச்சாவே? ஆள மாத்தும்வே!"

கோச்சர் என்ன பண்ணுவாரு? திரும்பி, ஒத்த விரலைத் தூக்கிக் காட்டி, "வாய மூடும்வே!" கேலரியே சிரிக்கும். ஆனா ரெண்டு நிமிஷம் கழிச்சு, சத்தமில்லாம ஆளை மாத்திருவாரு. ஏன்னா மேல்படியில இருக்கிறவனுக்கு மொத்தக் கோர்ட்டும் தெரியும்ல?

இப்படிப் போய்க்கிட்டிருக்கும்போது... கோச்சருக்கு வயித்துல புற்றுநோய்னு சொல்லிட்டாங்க.

ஊரு என்ன பண்ணுச்சு? டீக்கடையில குரலைத் தாழ்த்திடுச்சு. "அவருக்கு... அந்த வியாதியாம்." ஏன்யா, பேரைச் சொன்னா உனக்கு ஒட்டிக்கிடுமா?

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபைனல். போகாதேன்னு வீட்டுல சொல்லியும் மனுஷன் வந்துட்டாரு. ரசிகருங்க எல்லாரும் முன்னாடியே கூடிப் பேசி முடிவு பண்ணியிருந்தாங்க. இன்னைக்கு யாரும் கோச்சரை ஒரு வார்த்தை ஏசக் கூடாது! கல்யாண மண்டபத்துல இருந்து மெத்தை வச்ச நாற்காலி கொண்டாந்து போட்டாங்க. பொன்னாடை போத்துனாங்க. அதோட விட்டாங்களா? மைக்க வாங்குனாரு கமிட்டித் தலைவரு...

"நமது கோச்சர் அவர்களுக்காக அனைவரும் எழுந்து நின்று... ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு..."

கேட்டீங்களா அநியாயத்தை! எதிர்ல நாற்காலியில உயிரோட உக்காந்திருக்காரய்யா அந்த மனுஷன்! ஆயிரம் பேரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவரு ஒவ்வொரு முகமாப் பாக்குறாரு. எப்படி இருந்திருக்கும் அவருக்கு?

மேட்ச் ஆரம்பிச்சுது. சத்தமே இல்லை. எழவு வீட்டுல பந்து ஆடுற மாதிரி ஆடுறாங்க பசங்க. முதல் செட் போச்சு. ரெண்டாவது செட் போச்சு. மூணாவதுல பதினாலுக்குப் பத்தொம்போது. இதுவும் போனா கப்பு போச்சு.

டைம் அவுட் கேட்டாரு கோச்சர். முப்பது செகண்டு. பசங்க ஓடி வர்றாங்க... அவரு பசங்ககிட்ட போகலை! பொன்னாடையை உருவி நாற்காலியில வீசுனாரு. நேரா கேலரிக்கு முன்னாடி போய் நின்னாரு.

"உச்சிமாகாளி! எந்திரும்வே!"

எந்திரிச்சாரு லைன்மேன். கண்ணெல்லாம் தண்ணி.

"பதினெட்டு வருசமா ஏசுனீரு. இன்னைக்கு வாயில என்னத்தவே வச்சிருக்கீரு?"

"இல்ல கோச்சரே... உமக்கு உடம்புக்கு..."

"வயித்துக்குத்தான்வே நோவு! கோச்சிங்குக்கு என்ன நோவு? மேல இருந்து உமக்குத் தெரியுதுல்லா, எங்கவே ஓட்டை?"

"தெரியுது..."

"அப்போ ஏசும்வே! நான் இன்னும் சாகல!"

 லைன்மேன் துண்டால முகத்தைத் துடைச்சாரு. மூச்சை இழுத்தாரு. அப்புறம் விட்டாரு பாருங்க ஒரு சத்தம்!

"ஏ கோச்சரே! நாலாம் நம்பரு கையத் தொங்கப் போட்டுட்டு நிக்கான், உமக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாவே? ஆள மாத்தும்வே!"

கோச்சர் திரும்பினாரு. ஒத்த விரலைத் தூக்கினாரு.

"வாய மூடும்வே!"

அய்யா... கேலரி அப்படியே எந்திரிச்சிடுச்சு! ஆயிரம் தொண்டையும் சேர்ந்து ஏசுது! "மாத்தும்வே! மாத்தும்வே!" கோச்சர் மெத்தை நாற்காலியைக் காலால ஓரம் தள்ளிவிட்டு, பழையபடி கோட்டோரமா நடக்க ஆரம்பிச்சாரு. நாலாம் நம்பர் வெளிய. புது ஆளு உள்ள. பசங்களுக்கு எங்கிருந்து வந்துச்சோ அந்த வெறி! மூணாவது செட் நமக்கு. நாலாவது நமக்கு. அஞ்சாவது... பதினஞ்சுக்குப் பதிமூணு... நமக்கு! கோச்சரைத் தோள்ல தூக்குனது யாருன்னு நினைக்கிறீங்க? லைன்மேன்தான். தூக்கிக்கிட்டே ஏசுறாரு, "ரெண்டு செட்டை விட்டுட்டீரேவே!"

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிஞ்சுது. மறுநாள் காலையில வார்டு வாசல்ல பாதிக் கேலரி நிக்குது. நர்ஸம்மா உள்ள விடலை. லைன்மேன் விடுவாரா? வெளிய நின்னுக்கிட்டே, "ஏ கோச்சரே! எவ்வளவு நேரம்வே படுத்திருப்பீரு?" நர்ஸம்மா அடிக்க வந்துட்டாங்க. அப்போ கண்ணாடி வழியாப் பாத்தா... கட்டில்ல, ட்யூப் மாட்டின கை மெதுவா எந்திரிக்குது...

ஒத்த விரல்!

அந்த வாசல்ல எழும்பின சத்தத்துக்கு அன்னைக்கு ஆஸ்பத்திரியே ஆடிப்போச்சு.

இப்போ உங்ககிட்ட வர்றேன். உங்கள்ல பாதிப்பேரு வீட்டுல ஒருத்தர் படுத்திருக்காரு. அதான் இங்க வந்திருக்கீங்க. வீட்டுல என்ன பண்றீங்க? அவரு ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி முகத்தை மாத்திக்கிறீங்க. பொண்ணு கல்யாணத்தைப் பத்தி அடுத்த ரூம்ல குசுகுசுன்னு பேசுறீங்க. சாம்பார்ல உப்பில்லைன்னு அவரு கத்தினா, பதில் சொல்லாம தலையைத் தடவுறீங்க. தாய்மார்களே, நிஜமாச் சொல்லுங்க... இது அந்த ஒரு நிமிஷ மௌனம் இல்லையா? தினம் தினம் நிக்கிறீங்களேம்மா!

நோவு வந்தது உடம்புக்கு. அவரு இன்னும் அப்பாதான், அவங்க இன்னும் அம்மாதான், அந்த வீட்டுல அவங்களுக்கு இன்னும் வேலை இருக்கு. அதை அவங்க கையில இருந்து பிடுங்காதீங்க. மருந்தை டாக்டர் பாத்துக்குவாரு. நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. மாப்பிள்ளை ஜாதகத்தை அவரு கையில குடுங்க. அவரு குறை சொல்லுவாரு. விடாதீங்க... பதிலுக்குச் சண்டை போடுங்க!