சின்னச் சக்கரவர்த்தியின் சிவப்பு பூட்ஸ்

விடியறதுக்கு இன்னும் ரெண்டு ஜாமம். கான்ஸ்டான்டிநோப்பிள் கடல் மதிலோரப் பாதை... ஈ காக்கா இல்லை. எவ்ஸ்த்ராத்தி தனியா வர்றார். நம்ம படகுக்காரன் ஸ்தவ்ராக்கோட அக்கா புருஷன். அரண்மனையில ராஜா பூட்ஸுக்குக் காவல்காரர்.

சிரிக்காதே லியோன். நெருப்பைக் கிளறிட்டுக் கேளு. சிவப்பு பூட்ஸ் சக்கரவர்த்தி காலுக்கு மட்டும்தான். வேற எவன் மாட்டினாலும் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டவன்னு கண்ணை எடுத்துடுவாங்க.

அப்ப ரெண்டு சக்கரவர்த்திங்க. அப்பன் சாகறதுக்கு முன்னாடி அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் முடி சூட்டிட்டான். ஒரே சிம்மாசனத்துல ரெண்டு இருக்கை. அண்ணன் எத்தனை நாள் பொறுப்பான்? குருடன் ஆள முடியாதே... தம்பி கண்ணுல பழுக்கக் காய்ச்சின கம்பி. அப்புறம் தீவு மடத்துல கொண்டுபோய்ப் போட்டான். மூணாம் வாரம் தம்பி செத்தான். கடைசி வரைக்கும் பூட்ஸை மட்டும் கழட்ட விடலையாம்.

"போய் எடுத்துட்டு வா. என் கண் முன்னாடி எரியணும். ஒரு பய பாக்கக் கூடாது"ன்னான் அண்ணன்.

எவ்ஸ்த்ராத்தி போனார். பிணத்துக் காலுலேர்ந்து கழட்டினார். குழியில மண்ணும் அள்ளிப் போட்டார்.

தீவுலேர்ந்து திரும்பியாச்சு. இப்ப கோட்டை வாசல்ல சோதனை. பையில சிவப்பு பூட்ஸ் இருந்தா, எவனுக்குடா ராஜா வேஷம் கட்டப் போறேன்னு கேப்பான். மனுஷன் என்ன செஞ்சார்? காலுல மாட்டிக்கிட்டார். மேல தரை வரைக்கும் அங்கி.

பூட்ஸுக்குள்ளே ஈரம்...

டக்... டக்... நடந்தார். பின்னாடி சர்ர்... சர்ர்... யாரோ மதிலை உள்ளங்கையால தடவிக்கிட்டே வர்ற சத்தம். நின்னார். அதுவும் நின்னுச்சு. அண்ணன் என்னையும் நம்பாம ஒற்றன் வெச்சிருக்கான்னு நினைச்சார். திரும்பினார். யாரும் இல்லை. தீய்ஞ்ச இறைச்சி வாடை மட்டும்.

அப்புறம் மதில் சத்தம் வரலை. வலது தோள்ல ஏதோ பாரம்... அங்கி நனைஞ்சிருக்கும்னு தேத்திக்கிட்டார்.

வாசல்ல வார்தான்னு ஒரு காவலன். தீவட்டியைத் தூக்கிப் பார்த்தான். முகம் வெளிறிப் போச்சு. சோதனையே போடலை. "போங்கய்யா..."ன்னு ஒதுங்கினான். அப்பாடான்னு இருந்துச்சு எவ்ஸ்த்ராத்திக்கு.

பூட்ஸ் எரிஞ்சுது. விடிஞ்சதும் அவரை இழுத்துட்டுப் போனாங்க.

"தம்பியை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே?" அண்ணன் கேட்டான்.

"செத்துட்டார் சாமி! நானே மண் போட்டேன்!"

"உன் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஒரு குருடன் வாசல்ல நுழைஞ்சானாம். வார்தான் பார்த்திருக்கான்."

அரண்மனை பூராத் தேடினாங்க. யாரும் இல்லை. இல்லாத ஆளை எப்படிக் காட்டுவார், பாவம்? அன்னிக்கே அவர் கண்ணும் போச்சு.

இன்னும் உயிரோட இருக்கார். நேத்து துறைமுகப் படிக்கட்டுல பார்த்தேன். கோல் கிடையாது... துணைக்கு ஆள் கிடையாது. ஒரு தடவை இடறினதில்லை. வலது கையை முன்னால நீட்டி, விரலை மடக்கி, எதையோ பிடிச்ச மாதிரி வந்தார்.

படி வந்துச்சு. முதல்ல அந்தக் கை மேல ஏறிச்சு... அப்புறம்தான் அவர் கால்.