ஸ்கிரீனுக்கு முதுகு காட்டிய ஸ்டூல்

மேடையில் இருக்கும் தலைவர் ஜெபகுமார் சார் அவர்களே, மறைந்த சாம்பசிவன் சாரின் துணைவியார் ஞானாம்பாள் அம்மா அவர்களே, மேற்குத் தாம்பரத்தின் இந்த மாடி அறைக்குப் பதினாறு வருஷமாக வந்துபோகும் ஷேர் மார்க்கெட் நண்பர்களே, எல்லாருக்கும் கீழ்க்கடை டீ தனசிங்கின் வணக்கம். எழுதிவைத்துப் படிக்க எனக்குத் தெரியாது. நினைவில் இருப்பதைச் சொல்கிறேன்.

டெலிபோன்ஸில் ரிட்டையர் ஆன நம் சார், நாலு கம்ப்யூட்டர் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். யாரிடமாவது ஒரு பைசா வாங்கினாரா? இல்லையே! முதல் நாள் பதினொரு டீ கொண்டுவந்தேன். எல்லார் கண்ணும் ஸ்கிரீனில். சார் மட்டும் என்னைப் பார்த்தார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுதா தனசிங்?"

"பச்சை, சிவப்பு தெரியுது சார். எழுத்து தெரியாது."

"அப்ப நீதான் சரி," என்று ஸ்கிரீனுக்கு முதுகு காட்டி ஒரு ஸ்டூல் போட்டார். "நாங்க விலையைப் பாப்போம். நீ எங்க மூஞ்சியப் பாரு. யாரு நிதானம் தப்பினாலும் 'எழுந்திருங்க'ன்னு சொல்லு. ஸ்டேஷன் வரைக்கும் நடந்துட்டு வந்துதான் அடுத்த ஆர்டர்."

காலி கிளாஸ் எடுக்கும்வரை அந்த ஸ்டூல்தான் என் உத்தியோகம். நஷ்டத்தில் வேர்த்தவரை எழுப்பினேன். லாபம் வந்து எல்லாருக்கும் போண்டா சொன்ன காலேப் தம்பியையும் எழுப்பச் சொன்னார் சார். சந்தோஷத்திலும் கை நடுங்குமாம். காலேப் அன்றைக்கு எனக்கு வைத்த பேர் சிசிடிவி.

கொரோனா வந்த வருஷம், மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சார் நீலக் கட்டம் போட்ட சட்டை. எதை வாங்கினாலும், எந்த விலைக்குக் கீழே இறங்கினால் விற்றுவிடுவேன் என்று முதலிலேயே சீட்டில் எழுதிவைப்பார். அன்று காலையிலிருந்து நஷ்டம். அந்தச் சீட்டைக் கிழித்தார். படிக்கத் தெரியாதவனுக்குக் கிழிப்பது தெரியாதா? விட்டதைப் பிடிக்க, அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தையும் போடப்போவதாக ஜெபகுமார் சாரிடம் சொன்னார்.

"எழுந்திருங்க சார்," என்றேன். கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"டீ ஆத்துறவனுக்கு என்னடா தெரியும்?"

என்னை அவர் 'டா' சொன்னது அந்த ஒரே தடவை. கண் கலங்கிவிட்டது. ஆனால் ஸ்டூலை விட்டு நகரவில்லை.

"நீங்கதான் சார் என்னை இங்க உக்கார வெச்சீங்க. எழுந்திருங்க."

சாரின் கை மவுஸிலேயே இருந்தது. பிறகு எழுந்தார். செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, எல்லார் முன்னாலும், தப்பு தன்னுடையது என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அணைத்தார். அதற்கப்புறம் மார்க்கெட் ஏறியதா, இறங்கியதா? நான் கேட்டதில்லை. "ஏறியிருந்தாலும் நீ சொன்னதுதான் சரி," என்றார் ஒரு நாள்.

இதை மேடையில் சொல்லலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். "சொல்லு தனசிங். அந்த முட்டியாலதானே இன்னிக்கு மாடி ஏறி வந்திருக்கேன்," என்றார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் சாரின் முகத்தைத்தான் பார்த்தேன். பழக்கம் விடுமா? நிதானமாக இருந்தது. சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை மார்க்கெட் தொடங்கும் ஒன்பதே காலுக்கு, சாரிடம் தொழில் கற்ற ஹில்டா டீச்சர் இந்த அறையைத் திறப்பார். என் ஸ்டூலும் இருக்கும். 'டா' போட்டாலும் மூன்று தடவை சொல்வேன். இது சாருக்கு என் வாக்கு.

இப்போது, தலைவர் சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன். சாருக்காக ஒரு நிமிஷ மௌனம். எல்லாரும் எழுந்திருங்க.