இருநூற்றுப் பதினேழு பெருவிரல்

ஞானம்பிகை: ஐயோ... மெல்ல, மெல்ல! விரல் கழண்டு கையோடை வரப்போகுது.

மகேந்திரராசா: கையை ஆட்டாதையும். எண்ணெய் சிந்துது.

ஞானம்பிகை: சிந்தட்டும். பசை திண்ட விரலுக்கு நல்லெண்ணெய் என்னத்தைச் செய்யும்? மூண்டு விரல் மடங்குதேயில்லை. நேற்று மட்டும் நூற்றியிருபது தோல் பை ஒட்டின கை இது.

மகேந்திரராசா: பிரான்காச்சோவிலை உந்தப் பட்டறையை விடும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்...

ஞானம்பிகை: விட்டுப்போட்டு? நீங்கள் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை நாய்க்குப் பல்லு விளக்கவோ?

மகேந்திரராசா: அதுக்குப் பல்லு டொக்டர் தனிய இருக்கிறார். லிபெர்த்தாப் பணக்காரத் தெரு நாய் எல்லோ... எங்களைப் போலை ஒரேத்தோவிலை ஒரு அறைக்குள்ளை கிடக்கிற சாதியே?

ஞானம்பிகை: ஏனப்பா, உங்களுக்கு இண்டைக்கு என்ன?

மகேந்திரராசா: என்ன, என்ன?

ஞானம்பிகை: ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரோசாலியா மாதா கோயில் மலைக்கு எல்லாருக்கும் முன்னுக்கு நடக்கிற மனுசன், கால் உளையுது எண்டியள். பிறகு கேளாமலே தேத்தண்ணி. கேளாமலே எண்ணெய். கலியாணம் கட்டிப் பதினாறு வருசத்திலை இப்பிடி ஒரு நாளும் இல்லை.

மகேந்திரராசா: கட்டின மனுசிக்கு எண்ணெய் பூசினாலும் குற்றமோ?

ஞானம்பிகை: குற்றமில்லை. பயமாக் கிடக்கு.

மகேந்திரராசா: பேய்க்கதை கதையாதையும்... பொறும். ஆரோ தட்டினம்.

ஞானம்பிகை: ஓம், நான்...

மகேந்திரராசா: திறக்காதையும்!

ஞானம்பிகை: ஏன் குரல் இப்பிடி மாறுது? அது ஷியுமெய்யாத்தான் இருக்கும். நான்தான் வரச் சொன்னனான்.

மகேந்திரராசா: ஆர் அது?

ஞானம்பிகை: பட்டறையிலை எனக்குப் பக்கத்து மெசினிலை இருக்கிற சீனப் பிள்ளை. நாளும் பொழுதும் அவளைப் பற்றித்தானே கதைக்கிறனான்.

மகேந்திரராசா: அவள் இஞ்சை என்னத்துக்கு? ஞானம், சொல்லுறதைக் கேளும், ஆள் இல்லை எண்டு...

ஞானம்பிகை: தள்ளுங்கோ அங்காலை. வா பிள்ளை, வா, கெதியா உள்ளை வா. ஆரும் பின்னாலை வந்தவையோ?

ஷியுமெய்: தெரியவில்லை, அக்கா. பஸ்ஸில் ஒருவன். நான் இறங்கினேன், அவனும் இறங்கினான். சிகரெட் வாங்கினான். திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணவில்லை.

மகேந்திரராசா: அட, அக்கா எண்டுறாள்!

ஞானம்பிகை: தமிழ் அக்கா, அண்ணன் எண்ட ரெண்டு சொல்லுத்தான். மிச்சம் எல்லாம் இத்தாலியன். உங்கடை இத்தாலியனிலும் பார்க்கத் திறம். இரு பிள்ளை. ரோமாபுரிக்காரி வந்திட்டாவோ?

ஷியுமெய்: ஸ்டேசனில் நிற்கிறாள். ஆறு மணிக்கு ரயில். நானும் அவளோடு போகிறேன். துணியைத் தா, அக்கா.

மகேந்திரராசா: என்ன துணி... எனக்கு ஒரு துணியும் தெரியாது.

ஞானம்பிகை: உங்களுக்குத் தெரியாதுதான். நான்தான் மூச்சு விடேல்லை. ஆறு மாதமா இந்த வீட்டிலைதான் கிடக்கு. ரோசாலியா படத்துக்குப் பின்னாலை.

மகேந்திரராசா: ஆறு மாதமோ...

ஞானம்பிகை: ஏன் வேர்க்குது உங்களுக்கு?

மகேந்திரராசா: வேர்க்கேல்லை. எண்ணெய்க் கையாலை முகத்தைத் துடைச்சிட்டன்.

ஞானம்பிகை: பிள்ளை, இவருக்கும் ஒருக்காச் சொல்லு. அறியாமல் பயப்பிடுறதிலும் பார்க்க அறிஞ்சு பயப்பிடட்டும்.

மகேந்திரராசா: வேண்டாம். எனக்கு அறியத் தேவையில்லை.

ஷியுமெய்: அண்ணன் கேட்க வேண்டும். அண்ணன் வீட்டில்தானே இருந்தது. என் கணவன் அரசாங்கப் பட்டு ஆலையில் பதினான்கு வருடம். ஒரு நாள் வாசலில் தாள் ஒட்டினார்கள். ஆயிரம் பேர் வீட்டுக்கு. ஆளுக்கு ஒரு சாக்கு அரிசி.

மகேந்திரராசா: ஒரு வேலை போனால் வேறை வேலை. உலகம் முழுக்க நடக்கிறதுதானே...

ஷியுமெய்: வேறு வேலை தோல் ஆலையில். கட்சிச் செயலாளரின் தம்பி கட்டினான். கழிவு எல்லாம் ஆற்றுக்கு. காலையில் ஆறு நீலம், மாலையில் பழுப்பு. முதலில் வாத்துகள் செத்தன. பிறகு பிள்ளைகளுக்குக் காலில் புண். ஆறாத புண். சொன்னால், ஆற்றில் குளிக்காதே என்றார்கள். வயலுக்கும் அதே தண்ணீர்தானே, அண்ணா?

ஞானம்பிகை: அந்தத் தோல் எங்கை வருது எண்டு கேளுங்கோ.

மகேந்திரராசா: எங்கை?

ஞானம்பிகை: இந்தக் கைக்கு. நான் ஒட்டுறது அந்தத் தோல். ஆலைக்காரன் எங்கடை முதலாளிக்கு மச்சான்.

மகேந்திரராசா: அது தெரிஞ்சுகொண்டே இவள் அங்கை வேலைக்கு வந்தவள்?

ஷியுமெய்: தெரியாது. ஆள் கடத்துகிறவன் கொண்டுவந்து விட்ட இடம் அது. இரண்டாம் மாதம் தோல் கட்டைப் பிரித்தேன். உள்ளே எங்கள் ஊர் முத்திரை.

ஞானம்பிகை: அண்டைக்குக் கத்தரிக்கோலைப் போட்டுட்டு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தவள். பிள்ளை உண்டாகியிருக்கு எண்டு நாங்கள் பகிடி பண்ணினம்.

மகேந்திரராசா: சரி, துணி... அதிலை என்ன?

ஷியுமெய்: பெய்ஜிங்குக்கு மனு. வெள்ளைத் துணி, சிவப்பு மை. இருநூற்றுப் பதினேழு பெருவிரல். ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் பெயர், வீட்டு இலக்கம். முதல் விரல் என் கணவனுடையது. அவனை ரயில் ஏற முன்னமே பிடித்தார்கள். துணி அவனிடம் இல்லை. என் கோட்டுக்குள் வைத்துத் தைத்திருந்தேன்.

மகேந்திரராசா: மற்றவையைப் பிடிக்கேல்லையோ?

ஷியுமெய்: யார் யார் என்று தெரியாது அவர்களுக்கு. துணி கிடைத்தால்தான் தெரியும். மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். என் கணவன் ஒரு பெயரும் சொல்லவில்லை. இடது காது கேட்காதாம் இப்போது.

ஞானம்பிகை: கேட்டியளோ? ரோமாபுரிக்காரி பத்திரிகைக்காரி. பெயரை மறைச்சு விரலை மட்டும் படம் பிடிச்சுப் போடுவாவாம். வெளியிலை வந்திட்டால் அவனை விடச் சொல்லிக் கேக்க ஆக்கள் இருக்கினமாம். இறக்குங்கோ படத்தை.

மகேந்திரராசா: இறக்கிறன்... முதல்லை பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி...

ஞானம்பிகை: அஞ்சு மணியாகுது.

மகேந்திரராசா: பஸ் பிந்தித்தான் வரும், ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை, கறுவா போட்ட தேத்தண்ணி குடிப்பீரோ? உங்கடை ஊரிலை சீனி போடாமல் குடிக்கிறவை எண்டு...

ஷியுமெய்: வேண்டாம், அண்ணா. காலையிலிருந்து தண்ணீரும் இறங்கவில்லை.

ஞானம்பிகை: ஏன் பிள்ளை? என்ன?

ஷியுமெய்: ஊரில் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அண்ணி எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்தேன். கிழவி எடுத்தாள். பிழையான நம்பர் என்று வைத்துவிட்டாள்.

ஞானம்பிகை: மாறி அடிச்சிருப்பாய்.

ஷியுமெய்: இல்லை, அக்கா. இருபது வருடம் என் குரல் கேட்டவள். பிழையான நம்பர் என்று சொல்லும்போது... அழுதாள்.

மகேந்திரராசா: இதுக்கு முதல் எப்ப கதைச்சனீர்?

ஷியுமெய்: போன ஞாயிறு. எல்லோரும் நலம். அண்ணி சிரித்துப் பேசினாள்.

மகேந்திரராசா: அப்ப வியாழனுக்குப் பிறகுதான்...

ஞானம்பிகை: என்ன வியாழன்?

மகேந்திரராசா: ஒண்டுமில்லை. கிழமை நடுவிலை எண்டு சொல்ல வந்தனான்.

ஞானம்பிகை: என்ன வியாழன் எண்டு கேட்டனான்!

மகேந்திரராசா: கத்தாதையும். கீழை வீட்டுக்காரருக்குக் கேக்கும்.

ஞானம்பிகை: அந்தக் கதிரையை இஞ்சாலை தள்ளுங்கோ. நான் இறக்கிறன்.

மகேந்திரராசா: ஏறாதையும்! உந்தக் கையாலை பிடிக்க ஏலாது. விழப்போறீர்... ஞானம், நான் சொல்லுறன், இறங்கும்...

ஞானம்பிகை: விடுங்கோ காலை! ...ஆணி இறுகிக் கிடக்கு... வந்திட்டுது.

ஷியுமெய்: மெதுவாக, அக்கா.

ஞானம்பிகை: வெறும் அட்டைதான் கிடக்கு.

மகேந்திரராசா: முதல்லை இறங்கும்.

ஞானம்பிகை: எங்கை?

மகேந்திரராசா: பிள்ளையை அனுப்பும். பிறகு கதைப்பம்.

ஞானம்பிகை: எங்கையப்பா அது?

மகேந்திரராசா: வியாழன் பின்னேரம் எனக்கு லீவு எல்லோ. நீர் படிக்கட்டுக் கழுவப் போயிட்டீர். உம்மடை முதலாளி வந்தவன். ஒரு என்வலப்போடை.

ஷியுமெய்: அக்கா, அண்ணன் தமிழில் என்ன சொல்கிறார்? எனக்கு விளங்கவில்லை.

ஞானம்பிகை: பொறு பிள்ளை... என்வலப்புக்குள்ளை என்ன?

மகேந்திரராசா: வேலை ஒப்பந்தம். உம்மடை பேரிலை. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. அதைக் கொண்டுபோய் பொலிஸ் குவெஸ்தூராவிலை குடுத்தால் பெர்மெசோ, இஞ்சை இருக்கிற அனுமதி. எட்டு வருசமா நாங்கள் அதுக்குத்தானே...

ஞானம்பிகை: நீங்கள் துணியைக் குடுத்தனீங்கள்.

மகேந்திரராசா: குடுத்தன். நான் விளக்குக் கொளுத்தேக்கை ஒருநாள் படம் சரிஞ்சு நிண்டது. நிமித்தப் போய்க் கண்டனான். கேட்டால் கோவிப்பீர் எண்டு விட்டிட்டன்.

ஞானம்பிகை: கேக்காமலே... எடுத்துக் குடுத்தனீங்கள்.

மகேந்திரராசா: எங்கடை மகள் லக்ஷனாவுக்கு இப்ப பதினாலு. ஆறு வயசிலை கொழும்பிலை விட்டிட்டு வந்தனாங்கள். பொலிஸைக் கண்டால் நீர் மரக்கறிக் கடைக்குள்ளை ஓடுறதைப் பார்த்துப் பார்த்து... என்ரை சிஞ்ஞோரா கையெழுத்துப் போடமாட்டன் எண்டிட்டா. இந்த மாதத்தோடை குவெஸ்தூராவிலை பெர்மெசோவுக்குக் கதவு சாத்துறாங்கள். நான் என்ன செய்ய?

ஷியுமெய்: அக்கா, ஐந்தேகால். துணி எங்கே?

ஞானம்பிகை: ...இல்லை, பிள்ளை.

ஷியுமெய்: எங்கே?

ஞானம்பிகை: முதலாளியிட்டை. வியாழக்கிழமை.

ஷியுமெய்: வியாழன்... ஒரு இரவில் பெயர்கள் ஃபேக்ஸில் ஊருக்குப் போய்விடும்.

ஞானம்பிகை: இரு, பிள்ளை. கதிரையிலை இரு. அப்பா, தண்ணி கொண்டுவாங்கோ.

மகேந்திரராசா: இந்தா... குடியும், பிள்ளை. நான் போய் அவனிட்டைத் திருப்பிக் கேக்கிறன். காலிலை விழுறன். அந்தத் தாளைக் கிழிக்கட்டோ, ஞானம்? அரிசி வாளிக்குள்ளைதான் வைச்சனான். சொல்லும், இப்பவே கிழிக்கிறன்.

ஞானம்பிகை: கிழிக்காதேங்கோ.

ஷியுமெய்: அக்கா. ஒன்று மட்டும் சொல். ஸ்டேசனில் அந்தப் பெண்ணிடம் கூடச் சொல்லவில்லை, துணி யார் வீட்டில் என்று. உனக்கும் எனக்கும்தான் தெரியும். முதலாளி எப்படி நேரே இங்கே வந்தான்?

மகேந்திரராசா: அவன்... அவன் உம்மைப் பின்தொடர்ந்திருப்பான். பஸ்ஸிலை ஒருத்தன் எண்டீர் எல்லோ...

ஷியுமெய்: நான் இந்த வீட்டுக்கு இன்றுதான் முதல் தரம் வருகிறேன், அண்ணா.

மகேந்திரராசா: அப்ப ஆரோ பட்டறையிலை... ஞானம், நீர் பேசாமல் இரும். பிள்ளை, அது நான்தான். எல்லாம் நான்தான். அவவுக்கு ஒண்டும் தெரியாது.

ஞானம்பிகை: உங்களுக்கு அவன் சொன்னவனோ?

மகேந்திரராசா: ...ஓம். உன்ரை மனுசி தாறன் எண்ட துணியைத் தா எண்டுதான் கேட்டவன். மூண்டு நாளா நான் உம்மடை முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறன். நீராச் சொல்லுவீர் எண்டு. விடும். இவளுக்கு விளங்காது. தமிழிலைதானே சொன்னனான்...

ஞானம்பிகை: அவளுக்கு விளங்கிற பாசையிலைதான் நான் சொல்லவேணும். பிள்ளை, என்னைப் பார். நான்தான் சொன்னது. புதன்கிழமை. ஒப்பந்தம் தந்தால் துணி தாறன் எண்டு. அவன் எப்பிடியும் திங்கட்கிழமைதான் எழுதுவான், அதுக்குள்ளை நீ துணியோடை ரயில் ஏறிடுவாய், அவனைப் பேய்க்காட்டிப்போடலாம் எண்டு நினைச்சன். உன்ரை மனுசன் காது போகும் மட்டும் அடி வாங்கியும் சொல்லாததை, ஒரு தாளுக்கு நான் சொல்லிப்போட்டன். அதைக் கிழிக்கவும் எனக்கு மனம் வருதில்லை. நான் உனக்கு இருநூற்றுப் பதினேழு ஆக்கள் கடன், பிள்ளை.