மூன்று விரல் பிடி

உச்சி நேரம், பன்னிரண்டரை. தொப்பூர் கணவாயில் காக்கை கூட உட்காராத ஒரு வளைவு... 1969, சித்திரை. பேய்க் கதை என்றால் ராத்திரியில்தான் நடக்கும் என்று தைரியமாக இருப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

நம் கூட்டாளி காஜாவின் தாய்மாமன் முகம்மது கவுஸ், பாரம் தூக்கும் கலாசிகளுக்கு மேஸ்திரி ஆகி ஒரு மாதம்தான். அதற்கு முன் மேஸ்திரி கருப்பண்ணன். வலக்கையில் மூன்றே விரல். எந்நேரமும் மூக்குப்பொடி. இதே வளைவில் வடம் அறுந்து செத்தார்.

அன்று பள்ளத்திலிருந்து தூக்கியது நாலு டன் டிரான்ஸ்பார்மர். முக்காலிக் கம்பத்தில் தொங்கியது. அடியில் மாரப்பன் படுத்துக் கட்டை அடுக்கினான். வடம் சுற்றும் வின்ச்சின் பிடியில் நாலு பேர். இறக்குவதற்காகத் தடுப்பை எடுத்தாயிற்று. இனி கை விட்டால் பாரம் விழும்.

கலாசிகளிடம் ஒரு கறாரான விதி உண்டு. ஏற்ற, இறக்க ஒரே குரல்தான். மேஸ்திரி குரல்.

காற்றில் மூக்குப்பொடி வாசனை...

"எறக்குங்கடா."

கருப்பண்ணன் குரல். பத்து வருஷம் அதற்கே பழகிய கைகள்... புத்திக்கு முன்னால் கீழ்ப்படிந்தன. டக்... டக்... பாரம் ஒரு சாண் இறங்கியது. மாரப்பனின் சட்டை இரும்புக்கடியில் சிக்கியது.

கவுஸ் ஓடியிருக்கலாம். நேரே பாரத்துக்கு அடியில் போய் நின்றார்.

"அண்ணே, செத்தவருக்கு இங்க சோலி இல்லீங்க. இப்ப மேஸ்திரி நானு. எறக்கணும்னா என் தலைமேல எறக்குங்க."

சத்தம் நின்றது. கவுஸ் சட்டையைக் கிழித்து மாரப்பனை வெளியே இழுத்துப் போட்டார். திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார்.

"இப்ப நான் சொல்றேன். மெதுவா எறக்கு."

டக்... டக்... டக்... கட்டை மேல் பாரம் பூப்போல உட்கார்ந்தது.

அப்புறம்தான் திரும்பினார். வின்ச்சில் ஆளே இல்லை. முதல் சாணிலேயே குரல் யாருடையது என்று உறைத்து, பிடியை விட்டுவிட்டு நாலு பேரும் மேலே தார் ரோட்டுக்கு ஓடியிருந்தார்கள்.

பிடியின் கிரீஸில் ஒரு கைத்தடம். மூன்று விரல்.

கவுஸ் அதைத் துடைக்கவில்லை. வெற்று வின்ச்சைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்குக் காரிமங்கலத்துல வேலைங்கண்ணே. என் குரலுக்கு இழுக்கறதுன்னா வாங்க. இல்லைன்னா வேணாம்."

மறுநாள் காரிமங்கலம். நாலு பேரில் ஒருவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். மூன்று பேர்தான் பிடித்தார்கள்... கவுஸ் குரலுக்குப் பாரம் இலகுவாக ஏறியது. காலியாக இருந்த நாலாவது இடத்திலிருந்து மூக்குப்பொடி வாசனை.